பின்னறை மூன்று பேருக்கு மட்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்து தரும் சின்னக் கம்பெனி அது. எந்த வாடிக்கையாளரின் வேலையை யார் யார் சாஃப்ட்வேரில் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பது சௌம்யாவின் பொறுப்பு. ஒருமுறை பாடியில் இருக்கும் ஒருவரின் படுக்கையறைப் படத்தை முகப்பேரில் இருக்கும் இன்னொரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, கலர் சரியில்லை என்று எழுதிவிட்டார். அன்றைக்கு முதலாளி ஜெகதீஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே உன்னைக் கேக்காம ஒரு ஈ கூட உள்ள போவக் கூடாது, இன்னா?"

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் பால்ராஜுக்கு இன்னும் எட்டு மாத சர்வீஸ் பாக்கி. இருபத்தெட்டு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, வேப்பம்பட்டில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். உள்வேலை முழுக்க இந்தக் கம்பெனியிடம். வேலை நடப்பதை அவரும் மனைவி நாகவல்லியும் அந்த சாஃப்ட்வேரில் ஆளுக்கொரு கணக்கு வைத்து, அவரவர் போனில் பார்த்துவந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் நேரிலேயே வந்தார். "பின்னாடி ரூம் மட்டும் எங்க வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாதும்மா."

சௌம்யாவுக்குச் சுருக்கென்றது. "ஏன் சார்?"

"அவ பிளவுஸுக்கு ஆரி ஊசியால மணி, ஜரிகை வெச்சுப் பூ வேலை செய்றவ. ஹால்ல துணியை இழுத்துக் கட்டுற ஸ்டாண்டைப் போடுவா, யாராவது வந்தா எடுத்துக் கட்டிலுக்கு அடியில தள்ளுவா. இத்தனை வருஷமும் இதே கதைதான். அந்த ரூம் அவளுக்கு. ஸ்டோர் ரூம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சௌம்யா பின்னறையைத் தனி வேலையாகப் பிரித்து, பால்ராஜ், வடிவமைப்பாளர் கௌதம், தான் என மூன்று பேருக்கு மட்டும் திறந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தவளுக்கு ஒன்று உறுத்தியது. பால்ராஜ் தினமும் பகல் பதினோரு மணிக்குப் பின்னறையைப் பார்த்திருக்கிறார். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்று சொன்னவரே அவர்தான்.

அன்று மத்தியானமே நாகவல்லி போன் செய்தாள். "கண்ணு, பின்னாடி ரூம்ல ஜன்னலை மேற்கால வெச்சிருக்கீங்களே, சாயங்கால வெயில் ஊசி மேல பளீர்னு அடிக்குமே. வடக்கால மாத்த முடியுமா?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவர் கணக்கைத் திறந்து குடுத்ததே நான்தான். ஓடிபி என் போனுக்குத்தான் வரும். பாவம், அது அவருக்கு மறந்தேபோச்சு." சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்துட்டு அழுதுட்டேன்மா. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத."

சௌம்யாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "அவர் சொல்லாம நான் ஜன்னலை மாத்த முடியாதும்மா. நீங்க இப்படிப் பார்க்கிறதும் தப்பு. அந்தக் கணக்குல அவர் நம்பரைப் போட்டுடுங்க. இல்லேன்னா நான் அவர்கிட்ட சொல்லியாகணும்."

"பெயிண்ட் மட்டும் பார்த்துக்கறேனே?"

"அம்மா!"

"சரி, சரி."

அன்று மாலைக்குள் நம்பர் மாறிவிட்டது. பதினோரு மணி வருகையும் நின்றது.

மறுநாள் சௌம்யா கௌதமிடம், ஊசி வேலை செய்யும் அறைக்கு எந்தப் பக்க வெளிச்சம் நல்லது என்று கேட்டாள். வடக்கு என்றான். அதையே பால்ராஜுக்கு எழுதிக் கேட்கச் சொன்னாள். ராத்திரியே பதில் வந்தது: 'எனக்குத் தோணவே இல்லை தம்பி. உடனே மாத்துங்க.'

வீட்டை ஒப்படைக்கும் நாளில் சௌம்யாவும் போயிருந்தாள். பால்ராஜ் பின்னறைக் கதவைத் திறந்ததும் நாகவல்லி, "ஐயோ, இது எனக்கா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நடிப்பைப் பார்த்த சௌம்யா சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டாள்.

உள்ளே போன நாகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டாண்டின் இந்தப் பக்கம் அவளுக்கு நாற்காலி. எதிர்ப்பக்கம் இன்னொன்று. கடைசி வாரம் பால்ராஜ் கேட்டுச் சேர்த்தது அது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். ரிட்டயரானதும் நான் எங்க போய் உக்கார்றது? மணி கோத்தாவது தரேன்."

இந்த முறை அவளுக்கு நடிக்க வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பால்ராஜ் என்ன செய்வதென்று தெரியாமல், ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.