பெருநாளுக்கு முன்பு பிரித்த எஞ்சின்

பெருநாளுக்கு ஊருக்குப் போக நான்கே நாள் இருக்கையில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவரை என்னவென்று சொல்வது? என் வீட்டுக்காரர் கஸ்முரி பிரித்துப் போட்டார். "லேசா ஒரு இரைச்சல் வருது, வார்த்தி. நடுவழியில நின்னா வம்பு" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

பிழைக்க வந்த பெக்காசி நகரத்தில் எங்களுக்கு ஓர் அறையும் பின்னால் ஒரு சமையல்கட்டும்தான். அந்தச் சமையல்கட்டுத் தரை முழுக்கப் பற்சக்கரமும் நட்டும் எண்ணெய்த்துணியும். கால் வைக்க இடமில்லை. கியர் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தது. எஞ்சின் கூட்டில் அது உட்கார்ந்திருந்த குழிக்கு முன்வாசல் மட்டும்தான், பின்வாசல் கிடையாது. அதனால் பின்னாலிருந்து தட்டித் தள்ள முடியாது. உள்ளே கொக்கி போட்டு இழுக்கிற கருவி பட்டறையில் இருக்கும். பட்டறைக்காரர்களோ எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கூட்டை அடுப்பில் சூடாக்கிப் பலகை மேல் கவிழ்த்துத் தட்டினார். மற்ற பேரிங்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. இது மட்டும் அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்ததும் பயந்து விட்டுவிட்டார். இப்படியே மூன்று நாள் போயிற்று. மறுநாள் விடிகாலை கிளம்பியாக வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்கக்கூட இடமில்லை.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பெருநாளன்று, நான் பிறந்த ஊரான பெமாலாங்கில், பெரியவர்கள் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்கிற எங்கள் வழக்கப்படி இவர் என் அப்பா காலடியில் குனிந்தார். என்னை ஒரு வாத்தியாருக்குக் கொடுக்க நினைத்த அப்பா, வீடு நிறைய ஆள் இருக்கையில் கையை இழுத்துக்கொண்டு டீ கிளாஸை எடுத்தார். இவர் அப்படியே எழுந்து வெளியே போனவர்தான். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. இந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நோன்பு தொடங்கிய வாரம் அவரே போன் செய்து, குழறின வாயால் "ரெண்டு பேரும் வாங்க" என்றார். ரெண்டு பேரும் என்பதை இரண்டு தடவை சொன்னார். அடுத்த பெருநாளுக்கு அவர் இருப்பாரோ இல்லையோ, யார் கண்டது? அந்த நேரம் பார்த்துத்தான் இவருக்கு இரைச்சல் கேட்டிருக்கிறது.

அன்று மதியத்துக்கு மேல் என் வாய் நிற்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போக மனசில்லேன்னா மனசில்லேன்னு சொல்லுங்க. எதுக்கு இந்த இரும்பு மேல பழியப் போடுறீங்க?"

"நோன்பு நேரத்துல சண்டைக்கு இழுக்காத."

"நோன்பு வச்சா பொய் சொல்லலாமா?"

அவர் பட்டறைக்காரர் கோஃபூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த ஆள் பெண்டாட்டியோடும் மூட்டையோடும் வண்டியில் ஊருக்குப் போகிற வழியில், நெரிசலில் மாட்டி ஒரு பள்ளிவாசல் நிழலில் படுத்திருந்தான்.

"நெம்பவே நெம்பாதய்யா! பேரிங் நடுவுல இருக்க ஓட்டையில கிரீஸ அடைச்சு, அளவான கம்பிய விட்டு அடி. அடைச்சது போக வழியில்லாம பேரிங்கைத் தூக்கிட்டு வந்துரும்."

"கிரீஸ் தீந்துபோச்சு. கடை பூட்டியிருக்கு."

"சோறு இருக்கா?"

"விடிகாலை சஹருக்கு ஆக்கின சோறு மிச்சம் இருக்கு."

"அதப் பிசைஞ்சு அடை. பெருநாள் வாழ்த்து! வைக்கிறேன்."

தட்டில் ஒரு பருக்கை விட்டாலே சோறு அழும் என்று சொல்லி வளர்த்தவர்கள் எங்கள் வீட்டார். அதைச் சுத்தியலால் அடிப்பதா? ஆனால் அப்பாவின் குழறல் காதில் இருந்தது. ஒரு பிடி சோற்றை எடுத்து, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு நானே பிசைந்தேன்.

முதல் அடியில் பேரிங்குக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகளின் இடுக்கு வழியாகச் சோறு இடியாப்பம் போலப் பிதுங்கி வந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சோறு குழைவாக இருந்ததுதான் தப்பு. பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, விரலால் திணித்தேன். கூட்டை மறுபடி சூடாக்கினார். ஓட்டைக்கு இறுக்கமாக இருக்கும்படி ஒரு போல்ட்டில் டேப் சுற்றி வைத்து அடித்தார். திணித்தேன், அடித்தார். அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது. ஏழாவதோ எட்டாவதோ அடியில் சத்தம் மாறியது.

"பொறுங்க!" என்று குனிந்து பார்த்தேன். பேரிங்கின் விளிம்பு நகக்கண் அளவு மேலே வந்திருந்தது.

இன்னும் நாலு அடி. மாவும் மையுமாக அது வெளியே வந்து என் கால் பக்கம் உருண்டது. "அப்பாடா!" என்று கத்திவிட்டேன். அவர் சுத்தியலைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை. பார்த்தாயா, போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டதல்லவா, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பு திறக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. சர்பத்துக்கு ஐஸ் வாங்க எதிர்க்கடை சரின்தென் அக்காவிடம் போனேன். அவள் ஃப்ரீஸரைத் திறந்தவுடன் ஐஸை விட்டுவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இதயும் கொண்டு போம்மா. உன் வீட்டுக்காரரோட புது பேரிங்கு. குளுந்து சுருங்கினாத்தான் சூடான கூட்டுல அடிக்காமலே இறங்குமாம். நாலு நாளா என் ஃப்ரீஸர்ல குடியிருக்கு. மேல மீனை வச்சேன்னு சண்டைக்கே வந்துட்டாரு!"

பொட்டலத்தின் மேல் அவர் கையெழுத்தில் 'பெமாலாங். தொடாதீர்கள்' என்று இருந்தது.

"நாலு நாளாவா?"

"பிரிக்கிறதுக்கு முந்தியே வாங்கிட்டாரு. தினமும் வந்து பாப்பாரு. வந்தா என் வீட்டுக்காரர்கிட்ட ஒரே கேள்விதான். மாமனார் முன்னாடி உக்காந்ததும் முதல்ல என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு. பாவம், சொல்லிச் சொல்லிப் பாக்குறாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஐஸை மறந்துவிட்டுப் பொட்டலத்தோடு திரும்பினேன்.

அவர் அடுப்பில் கூட்டைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சுட்டேங்க. அதான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றேன்.

அவர் புது பேரிங்கைத் துணியால் பிடித்துச் சூடான குழியின் வாயில் வைத்தார். ஒரு தட்டும் தட்டாமல் அது தானாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

"வரப் பயமா இருக்கு, வார்த்தி" என்றார். "வர மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"