அத்தைக்குப் போட்ட ஷவர்

"இந்தா பொண்ணு! தண்ணி சொட்டிக்கினு நிக்குது. தலையெல்லாம் சீயக்கா, கண்ணு எரியுது!"

குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ரேணுகாம்பாளின் குரல் வந்ததும் ஏஞ்சல் கதவருகே ஓடினாள்.

"அத்த, நான் வந்து மொண்டு ஊத்தட்டுமா?"

"வாணாம். நீ உள்ள வராத."

இரண்டு வருஷமாகவே இந்த விலக்கம்தான். மாதா கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு மாமியார் வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிபோனபோதும் வரவில்லை. இப்போது வலது தோள் இறுகிக் கை மேலே எழும்பாமல் போனதால்தான் வந்திருக்கிறாள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்யாவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொம்பு தூக்க முடியாத அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி தானே குளிக்கட்டும் என்று, ஏஞ்சலின் கணவன் கமல் போன வாரம் பிளம்பரை அழைத்து, மாடித் தொட்டியிலிருந்து தனி லைன் இழுத்து ஷவர் வைத்தான். முதல் நாள் அருவி மாதிரி கொட்டியது. நேற்று திடீரென்று நூலாக இளைத்துவிட்டது.

"நாளைக்கும் இப்பிடின்னா நான் ஊருக்கு, முசரவாக்கத்துக்கே போய்டறேன். என்னை யாரும் குளிப்பாட்ட வாணாம்" என்று சொன்னதோடு நிற்காமல், ஆட்டோ ஓட்டும் தம்பி மணிவண்ணனைக் காலையில் வரச் சொல்லியும்விட்டாள். வாசலில் அவள் பை தயாராக இருந்தது. பையின் வாயை மஞ்சள் பட்டுக் கழிவு நூலால் கட்டியிருந்தாள். தறிகளுக்குத் தார்க்குச்சியில் பட்டு நூல் சுற்றியே பழகிய கை அது. அவள் போட்ட முடிச்சு அசையாது. மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போன ஏஞ்சல், முந்தாநாள் அதைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

இன்றைக்குப் போனால் அத்தை திரும்ப வரமாட்டாள். கையும் போகும், கமலுக்கு அம்மாவும் போவாள்.

ஏஞ்சல் கைபேசியை எடுத்தாள். கமல் ஷிப்டில் இருந்தான்.

"ராத்திரிதானே ஷவரக் கழட்டி வினிகர்ல ஊற வெச்சேன்? உப்புதான்மா அது."

"உப்பு இல்லபா. கீழ இருக்கிற பக்கெட் கொழாயும் சொட்டுது."

"அப்ப தொட்டி காலியா இருக்கும்."

"கிச்சன்ல கொட்டுதே!"

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. சமையலறை லைன் சரியாக இருக்கிறது. அடைப்பு இந்தத் தனி லைனில்தான். போனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். லைனில் இருந்த வால்வைத் திருகிப் பார்த்தாள். முழுக்கத் திறந்தே இருந்தது. அப்படியானால் அதற்கும் மேலே.

தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"அக்கா! ரெடியா?" மணிவண்ணன் குரல்.

"ரெண்டு நிமிசம் இருங்க மாமா!" என்று மாடியிலிருந்தே கத்திவிட்டு, தொட்டி மூடியைத் திறந்தாள். பாதித் தண்ணீர். அடியில், குழாய் வாயை அடைத்துக்கொண்டு ஏதோ கிடந்தது. கொடியில் தொங்கிய கம்பி ஹேங்கரை வளைத்து உள்ளே விட்டாள். வழுக்கியது. இன்னும் குனிந்தாள்; தோள் வரை தண்ணீர். கொக்கி மாட்டியதும் பலம்கொண்டு இழுத்தாள்.

குழாய் தொண்டையைச் செருமுவது போல் கடகடத்தது. கீழே ஷவர் காற்றைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு மழை.

"அய்யோ!" என்றாள் ரேணுகாம்பாள் உள்ளிருந்து. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

ஏஞ்சல் கையில் கிடந்ததைப் பார்த்தாள். பாசி படிந்த பட்டுத் துணி, உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு நாணயமும். அந்தத் தெருவில் புது வீட்டுத் தொட்டியில் இப்படிப் போடுவார்கள். தண்ணீர் குறையக் கூடாது என்று. ஆனால் இந்த வீட்டில் யார் போட்டது? விரலால் பாசியை வழித்தாள். மஞ்சள் பட்டு நூல். அசையாத முடிச்சு.

கீழே இறங்கியபோது மணிவண்ணன் வாசலில் நின்றிருந்தான். அவள் கையைப் பார்த்ததும் அவன் பார்வை மாடிக்கும் தரைக்கும் போய்வந்தது.

"நீங்களா மாமா போட்டீங்க?"

"எனக்கென்ன தெரியும்? அக்கா குடுத்தாங்க, போட்டேன். குடிபோற அன்னிக்கு, நீங்கல்லாம் பந்தியில இருக்கும்போது. சொல்லாதடான்னு சத்தியம் வேற வாங்கினாங்க."

குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்தது. ஈரத் தலையோடு ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ஏஞ்சல் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள்.

"அத்த," என்றாள் ஏஞ்சல். "இதுதான் அடைச்சிக்கினு இருந்தது."

"கிணத்துல போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்," என்றாள் ரேணுகாம்பாள் விறைப்பாக. "உங்க ப்ளாஸ்டிக் தொட்டி எதைத்தான் தாங்குது!"

"அக்கா, வண்டிய ஆஃப் பண்ணவா, வாணாமா?"

"பண்ணுடா. பைய உள்ள வெச்சிட்டு, காபி குடிச்சிட்டுப் போ."

கதவு மூடிக்கொள்ளும் என்று ஏஞ்சல் நினைத்தாள். மூடவில்லை.

"ஏஞ்சலு," என்றது குரல். முதல் தடவையாகப் பெயர். "முதுகுக்குக் கை எட்டல. வந்து தேச்சி வுடு."

ஏஞ்சல் முடிச்சைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, ஈரக் கையோடு உள்ளே போனாள்.