ரிதா படித்த காலேஜ்

நசீமாவின் மகள் ரிதாவுக்கு மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது. ஆலன் என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் தெருவே அவள் வீட்டில் கூடிப் பிரியாணி சாப்பிட்டது. எனக்கு மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அதற்கு முன் அவள் டிகிரி படித்தது கறுப்பின மாணவர்களுக்கென்று அந்தக் காலத்தில் தொடங்கிய காலேஜ். "ஐயோ பாவம், வேற எங்கயும் கிடைக்கலையா?" என்று அப்போது எங்கள் வட்டத்தில் உச்சுக்கொட்டாதவர்கள் இல்லை. என் மகன் முகிலன் படித்ததோ பெயரைச் சொன்னாலே புருவம் உயரும் யூனிவர்சிட்டி. அவனும் மெடிக்கலுக்கு அப்ளை பண்ணினான். ஓர் இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. கண் பட்டுவிடும் என்று அப்ளை பண்ணியதை மறைப்பதும், கிடைக்காவிட்டால் "ஒரு வருஷம் கேப் இயர் எடுக்கறான்" என்பதும் எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் அதையே சொல்லித் திரிந்தேன்.

விருந்துக்கு ரிதாவின் பேராசிரியை டாக்டர் வெர்னா வந்திருந்தார். ரிதாவின் பாட்டிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தார். என் பிள்ளையின் வகுப்பில் முந்நூறு பேர். அவன் முகமே அங்கே யாருக்கும் தெரியாது.

கிச்சனில் அவர் தனியாக அகப்பட்டார். "உங்கள் லேப் ஒழுகுமாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். குத்த வேண்டும் என்றே கேட்டேன்.

"ஒழுகும். எங்களுக்கு வர வேண்டிய அரசுப் பணம் பல வருஷமாக ஒழுங்காக வருவதில்லை. வந்திருந்தால் இன்னும் எத்தனை ரிதாக்கள் டாக்டராகியிருப்பார்கள்! நினைத்தால் ஆத்திரமாக வரும்," என்றார்.

என் ரோஷமெல்லாம் எங்கே போனதோ, முகிலன் கதையைக் கொட்டிவிட்டேன். மறுபடி அப்ளை பண்ணப்போகிறான், நீங்கள் கொஞ்சம் வழிகாட்ட முடியுமா என்று கெஞ்சினேன்.

"கட்டாயம். அவனைப் பற்றிச் சொல்லுங்கள்."

மார்க்கைச் சொன்னேன். யூனிவர்சிட்டி பெயரை இரண்டு தரம் சொன்னேன்.

"சரி, எதற்காக டாக்டராக ஆசைப்படுகிறான்?"

நான் அவனிடம் கேட்டதே இல்லை.

தயிர்ப்பச்சடி எடுக்க வந்த நசீமா நின்றுவிட்டாள். தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள்: முகிலனின் அப்பா ஐசியூவில் கிடந்தபோது ஒரு டாக்டர் அவனோடு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாராம். அவரைப் போல ஆக வேண்டுமாம்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"ஒவ்வொரு ரிஜெக்‌ஷன் வந்தப்பவும் இங்கதான் வந்து உக்காருவான், புஷ்பா. அம்மாட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டின்னு கெஞ்சுவான்."

டாக்டர் வெர்னா ஃபோனை எடுத்து முகிலனின் நம்பரைக் கேட்டார். என்னிடம் அல்ல, நசீமாவிடம். அவள் தன் ஃபோனைப் பார்க்காமலே சொன்னாள்.

ரிதாவுக்கு இடம் கிடைத்தபோதுகூட எனக்கு இப்படி வயிறு எரியவில்லை.