நெற்றி மாறிய இரண்டு கோடுகள்

ஹவ்வா உம்மாவின் புருவங்களுக்கு நடுவில் இருபத்துமூன்று வருடம் கிடந்த இரண்டு கோடுகள், 2014 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, காணி அதிகாரியின் நெற்றிக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று அவளுடைய தீவு ஊரான தாராபுரத்தில் நல்ல காற்று. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

வயது போட்ட கோடுகள் அல்ல அவை. 1990 ஒக்டோபரில், சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறச் சொல்லி ஆயுதமேந்திய இயக்கக்காரர் ஊர் முஸ்லிம்களை எல்லாம் விரட்டிய அன்று, கற்பிட்டிக் கரை தெரியுமுன்னே விழுந்தவை. வயது அவற்றை ஆழமாக்க மட்டும் செய்தது. புத்தளத்து அகதி முகாமை விட்டுத் திரும்பியபோது அவற்றுக்குள் ஒரு ரூபாய் நாணயக் குத்தியை நிறுத்தலாம். அவளுடைய வீடிருந்த காணி வளவோ பற்றைக்காடாகிக் கிடந்தது. அதைத் தன் பெயருக்கு எழுதித் தரச்சொல்லி ஐந்து வருடம் காணி அலுவலகக் கந்தோருக்கு நடந்தாள். அதிகாரியிடம் ஒரே பதில்தான் இருந்தது: "நாளைக்கு வாங்கோ."

மகள் ஸுஹறாதான் அந்தக் கூத்தைத் தொடக்கினாள். "உம்மா, உங்கட முகத்தப் பாத்தா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு. அதான் அந்தாள் கையெழுத்து வைக்கிறாரில்ல."

என்ன அநியாயம் பாருங்கள், வீட்டைப் பறிகொடுத்தவளே முகத்தையும் திருத்த வேண்டுமாம். ஆனாலும் வளவுக்காகக் கொழும்பில் தோல் டொக்டரிடம் போனாள். இந்தப் பள்ளத்துக்குக் கிறீம் காணாது, லேசர் மேல்தோலோடு நின்றுவிடும், கோபத்தில் சுருங்கும் தசையை ஊசிதான் அடக்கும், அதுவும் நாலு மாதத்துக்குத்தான் என்றார் டொக்டர். ஊசி போட்டதும் நெற்றி பீங்கான் போலானது. கோபம் மட்டும் உள்ளே கொதித்தபடியே இருந்தது.

அந்த முகத்தோடு போனவளிடம் அதிகாரி வெகு அன்பாக, "நாளைக்கு வாங்கோ" என்றார். சொல்லி வாய் மூடுமுன் கோடுகள் அவர் நெற்றியில் இருந்தன. பியோன் பார்த்தான், தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனான். வீட்டில் மனைவி, என்ன கோபம் என்று நாள் முழுக்கக் கேட்டாள். பிள்ளைகள் கிட்ட வரவில்லை. அதே டொக்டரின் ஊசி அவரிடம் பலிக்கவில்லை. நாலு மாதத்தில் தானாகப் போய்விடும் என்று காத்திருந்தார். போகவில்லை.

ஐந்தாம் மாதம், கையெழுத்திட்ட காணி உறுதிப் பத்திரத்தோடு அவரே அவளுடைய தகரக் கொட்டிலுக்கு வந்தார். ஹவ்வா உம்மா வாங்கி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதையும் எடுத்துப்போடுங்கோ உம்மா."

"நாளைக்கு வாங்கோ" என்றாள்.

இப்போது அவர் பென்சன்காரர். அந்த வளவில் கல்வீடு நிற்கிறது. வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் காலையில் வருகிறார். ஸுஹறா கதிரையை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.