சாப்பாட்டு மேசைக் கம்ப்யூட்டர்

வலியசாலையில் இடிக்குப் பயந்தவர்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால், சாம்பசிவன்தான் அதற்கு ஆயுட்காலத் தலைவர். ஐப்பசி பிறந்து, மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் லேசாக உறுமினால் போதும். டி.வி., ஃப்ரிட்ஜ், மோடம், மிக்ஸி என்று ஒன்று விடாமல் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுகாரியம் பார்ப்பார். திருவனந்தபுரத்தில் எல்லா வீட்டிலும் இது நடக்கிறதுதான். ஆனால் கை டார்ச்சிலிருந்து பேட்டரியைக்கூடக் கழற்றி வைக்கிற ஆள் இவர் ஒருவர்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் விஷ்ணுப்ரியா ஒரு கம்ப்யூட்டரை அக்கக்காகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொழுது போகாமல் செய்த காரியமில்லை. ப்ரியாவுக்குக் கொச்சியில் வேலை. இனிமேல் கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று திரையில் படமாக்கித் தரவேண்டும். புருஷன் ஹரிஷங்கர் மஸ்கட்டில். ஐந்து வயது மகள் பத்மஜாவைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடியற்காலையில் ரயிலேறினால், வெள்ளிக்கிழமை ராத்திரிதான் திரும்புவாள். ஒவ்வொரு ஞாயிறும் சாம்பசிவன் ஆட்டோக்கார ஷிஜுவைப் போனில் கூப்பிட்டு மறுநாள் வண்டிக்குச் சொல்லி வைப்பார். ப்ரியா கிளம்பும் நேரத்தில் குழந்தை தூங்குகிற பாவனையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கும். பெற்றவளுக்குத் தெரியாதா, தூக்கம் எது, பாவனை எது என்று! அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறுவது கொடுமை.

கடைசியில் முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் இந்தத் திங்கட்கிழமையே முதல் படம் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பழையபடி ஆபீஸ்தான் என்றார். கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தரக் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். "நானே பூட்டிக்கறேன்" என்று உதிரி சாமான்களாக வாங்கி வந்துவிட்டாள். அதற்கு முன் அந்தக் கை ஸ்க்ரூ ட்ரைவர் பிடித்தது, குழந்தையின் பொம்மைக்கு பேட்டரி மாற்றியபோது மட்டும்தான்.

"ஓடுமாக்கும் இது?" என்றார் சாம்பசிவன், காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து. "சாம்பார் கொட்டின மேசையில கம்ப்யூட்டர் உண்டாக்கறாளாம், கேட்டோ!"

மனுஷன் வாயில் ஒரு நல்ல வார்த்தை வந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

ப்ரியா மதர்போர்டில் ப்ராசஸரை அதற்கான குழியில் வைத்து, மேலே உள்ள இரும்புக் கொக்கியை அழுத்தினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். அடியில் மயிரிழை மாதிரி எத்தனையோ பின்கள். ஒன்று வளைந்தாலும் எல்லாம் போச்சு. யூட்யூபில் மலையாளத்தில் சொல்லிக்கொடுத்த ஆள், "சத்தம் கேக்கும், பேடிக்கண்டா" என்று முன்னாலேயே சொல்லியிருந்தான்தான். பயப்படாதே என்று சொல்ல அவனுக்கென்ன, பணம் போட்டவள் இவளல்லவா!

மெமரி, விசிறி, ஒயர்கள் என்று ஒவ்வொன்றாக மாட்டி, பெட்டியை மேசைக்கடியில் தள்ளி, அதன் பின்பக்கத்துச் சின்ன சுவிட்சைத் தட்டிவிட்டு, சுவரில் ப்ளக்கைச் செருகினாள். இனி முன்பக்கப் பட்டனை அமுக்க வேண்டியதுதான். அமுக்க விரலை நீட்டினாள், கிழக்கே இடி இடித்தது.

"தொடாதே!" சாம்பசிவன் பாய்ந்து வந்தார். "மாடில துணியெல்லாம் நனையறது, நீ போய் எடு. இதை நான் பாத்துக்கறேன்."

அவள் துணியை வாரிக்கொண்டு வந்தபோது ப்ளக் தரையில் கிடந்தது. மழை ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நின்றது. நின்றதும் அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார்.

ப்ரியா ப்ளக்கைத் திரும்பச் செருகி, சுவர் சுவிட்சைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். ஒன்றுமில்லை. விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. மறுபடி அமுக்கினாள். பெட்டியைத் திறந்து மெமரியைக் கழற்றி மாட்டினாள். ஒயர்களை ஒவ்வொன்றாக உருவிச் செருகினாள். பெட்டி கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அந்தக் கிறீச் சத்தம் காதிலேயே நின்றது. அப்போதே உடைத்திருக்கிறாள், தெரியாமல் மிச்சத்தையெல்லாம் அதன்மேல் அடுக்கியிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சாம்பசிவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"கெடுத்துட்டேன் அப்பா. ஓடலை. ஷிஜுவ விளிச்சு நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

பத்மஜா தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. 'அப்பவே சொன்னேனே' என்பதற்காக ப்ரியா காத்திருந்தாள். அது வரவில்லை. போனை எடுத்தவர் அதைத் திரும்பவும் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு, பிடரியைச் சொறிந்தார்.

"இடி நின்னப்பறம் பின்னால உள்ளதையும் போட்டியோ?"

"பின்னால எதை?"

"அந்தக் குட்டி சுவிட்ச. ப்ளக்க சுவத்துலேந்து ஊரினா மாத்திரம் போறுமோன்னு ஒரு சம்சயம். முட்டிய மடக்கி உள்ள போய் அதையும் அணைச்சு வெச்சேன். ஒங்கிட்ட சொல்ல மறந்துபோச்சு."

தன் கையால் போட்ட சுவிட்சு என்பதால், அதை மட்டும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் கையை விட்டுத் தடவினாள். டக். முன்னால் வந்து பட்டனை அமுக்கினாள்.

விசிறிகள் மெல்ல முனகிக்கொண்டு சுழன்றன. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. ப்ராசஸரின் பெயர், மெமரியின் அளவு, எல்லாம் இருக்கிறது, எதுவும் உடையவில்லை. அவள் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள். இந்த மனுஷரைத் திட்டுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பத்மஜா வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்போ நாளைக்கு ட்ரெயின் இல்லியா அம்மா?" என்றது.

"இல்லடீ கண்ணு. நாளைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை." ப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்பா, ஷிஜுகிட்ட வரண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

"அது காலம்பரயே சொல்லிட்டேன்."

"காலம்பரயா? நான் அப்போ டப்பாவையே பிரிக்கலியே!"

"அதுக்கு?" சாம்பசிவன் மோடத்தின் ப்ளக்கை எடுத்துச் சுவரில் செருகினார். "அவன் வேற சவாரி பாக்கவேண்டாமோ?"