மாற்றுச் சாவிகள்

பூட்டுக்காரரின் சட்டைகளைத் துவைக்கப் போடும்முன் பையைத் துழாவுவது அவர் மனைவிக்குப் பழக்கம். திருகாணி, கம்பித் துண்டு என்று ஏதாவது அகப்படும். அன்று கைகொள்ளாத அளவுக்குச் சாவிகள் வந்தன. எல்லாம் புதிதாக அராவியவை. கடைக்கு நகலெடுக்க வந்த சாவி ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒன்று கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன். அவர் வந்ததும் அவள் சாவிகளை அவர் முன்னால் கொட்டினாள்.

"சும்மாதான். நான் போட்ட சாவி சரியா திறக்குதான்னு பாக்க வேணாமா?" என்றார்.

"போய்ப் பாத்தீங்களா?"

"ரெண்டு மூணு வீட்டுல. ஆள் இல்லாதப்பதான். உள்ள போகல."

முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கடையில் யாரோ மறந்துவைத்த குடையைக்கூட வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர் அவர்.

அவருக்குக் கைநடுக்க நோய் தொடங்கிய புதிதில் நரம்பு டாக்டரம்மா அவசரப்படவில்லை. வேலைக்கு இடைஞ்சல் வரட்டும், அப்போது மருந்து ஆரம்பிக்கலாம் என்றார். சாவியைத் துளைக்குள் விடமுடியாமல் பூட்டின் முகமெல்லாம் கீறிவைத்த சமயத்தில்தான் முதல் மாத்திரை வந்தது. கை திரும்பி வந்தது, கூடவே அவருடைய வாய்த்துடுக்கும். சில வருஷம் போனதும் அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் வேகம் அடங்கத் தொடங்கியது. அராவிக்கொண்டிருக்கும்போதே ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவார். அதற்காகத்தான் இரண்டாவதாக வேறொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போதே டாக்டரம்மா எச்சரித்தார். இது சிலருக்கு ஏதாவதொரு பித்தைக் கிளப்பிவிடும், சூதாடுவார்கள், கண்டதை வாங்கிக் குவிப்பார்கள், அப்படித் தெரிந்தால் மறைக்கக் கூடாது, நீங்களாகவும் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது என்றார். சூதாட என்னிடம் என்ன இருக்கிறது என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும்தான் சிரித்தாள்.

சாவிகள் அகப்பட்ட பிறகு மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போன நாளில், பேருந்தில் அவர் அவள் காதருகே குனிந்தார்.

"சொல்லிடாத. அந்த மாத்திரைய எடுத்துட்டாங்கன்னா நான் பழையபடி மரக்கட்டைதான். சட்டைக்குப் பட்டன்கூட நீதான் போட்டுவிடணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எதையும் அவர் கெஞ்சிக் கேட்டதில்லை. அவளுக்கு மனசு இளகிவிட்டது.

டாக்டரம்மா அவரை விரல்களைத் தட்டச் சொன்னார், நடந்து திரும்பச் சொன்னார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல ஏதாவது வித்தியாசமா நடந்துக்கிறாராம்மா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாத்தான் இருக்காரு."

மருந்து அப்படியே தொடரட்டும் என்றார் டாக்டரம்மா.

திரும்பி வந்தபோது குடியிருப்பின் மாடிப்படிகளில் அவர் விறுவிறுவென்று முன்னால் ஏறினார். மருந்துப் பையோடு பின்னால் ஏறியவளுக்கு, பாவி மனுஷன் எப்படி ஏறுகிறார் பார் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அவர்கள் வீட்டுக்கு இன்னும் ஒரு மாடி இருந்தது. புதிதாகக் குடிவந்து அவர் கடையிலேயே சாவி நகலெடுத்த, தனியாக இருக்கும் டீச்சரின் கதவு முன்னால் அவர் நின்றுவிட்டார். அவள் கூப்பிட வாயெடுப்பதற்குள் சாவி துளைக்குள் போயிருந்தது. கை துளிகூட நடுங்கவில்லை. பூட்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீர் நின்றது.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

அவர் சாவியிலிருந்து கையை எடுக்காமல் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.