இசைவாணியின் பாகப்பட்டியல்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. விருதுநகரில் என் கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே ஊதிவிட்டு, "உங்க மிசின்ல வெறும் மண்ணுதான் சார். முன்ன ஒருக்கா ஒரு மிசினத் தொறந்தேன், உள்ள பூரா வெள்ளியா மின்னுச்சு" என்றார். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது. மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன்.

எனக்குக் கணினி விளையாட்டு ஆடத் தெரியாது. ஆனாலும் இந்தக் கதையை என்னைவிட நன்றாக எழுத ஆள் இல்லை. (இந்த வரியை அடித்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கந்தக பூமியின் கொளுத்தும் வெயிலில், 2008-ஆம் ஆண்டு" — நிறுத்திவிட்டேன். சிவகாசிப் பக்கத்துக் கதை என்றாலே எழுதுகிறவனுக்கு முதலில் வியர்த்துவிடுகிறது.

பிறகு இப்படி: "இசைவாணிக்கு உலகமே இருண்டு" — இதுவும் ஆகாது. இசைவாணிக்கு அப்படியெல்லாம் இருளாது. கோபம்தான் வரும்.

மூன்றாவதுதான் நின்றது. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது இசைவாணியின் கணினி செத்துப்போனது.

அவள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறாள். வீடு சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில். கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் மாரிக்கண்ணன் அதே ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். பதினோரு வருஷமாக அதே வேலை. அச்சகத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு கணினிகளை வயரால் இணைத்துத் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார்கள். மூன்று பேர் ஆண்கள், நாலாவது இவள். ஜெயிப்பது பெரும்பாலும் இவள். அதற்கான பயிற்சியெல்லாம் வீட்டில் இருந்த அந்தப் பழைய பெட்டியில்தான் நடந்தது.

3

இந்த இடத்தில் ஒரு வாசகர் கையைத் தூக்குவார் என்று எனக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி வீட்டில் கேமிங் கம்ப்யூட்டரா, நம்புகிற மாதிரி இல்லையே என்பார். ஐயா, அந்த வீட்டில் ஒருத்தி கணினியில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள். அவளுக்கு என்ன ஆசை வர வேண்டும் என்று நீங்களும் நானும் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. கையை இறக்குங்கள்.

நான் சந்தேகப்பட்டது மாரிக்கண்ணன் மேல். முதல் பிரதியில் அவனை, பொம்பளைக்கு என்ன விளையாட்டு என்று முறைக்கிற ஆளாக எழுதினேன். அப்படி எழுதுவது சுலபம். ஆனால் அவன் கட்டுப்படவில்லை. வேலை விட்டு வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். திரையில் ஏதாவது வெடித்தால் குறை சொன்னான்.

"இது தப்பு வாணி. அலுமினியம் எரிஞ்சா இப்படி மஞ்சளா வராது. கண்ணப் பறிக்கிற வெள்ளையா வரும். புகையும் தரையோட போகாது, மேல எந்திரிக்கும்."

"பெட்டியில தெம்பு இல்லங்க. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தா நீங்க சொல்ற வெள்ளை வரும்."

"அப்ப நல்லதா வாங்குவோம். அர கொறையா எதுக்கு?"

அந்த நிமிஷத்திலிருந்து அவனைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டேன்.

4

தீபாவளி கழிந்து கம்பெனிக்கு லீவு விட்டார்கள். இரண்டு பேரும் பழைய பெட்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி விருதுநகரில் முஹ்சின் கடைக்குப் போனார்கள். முஹ்சின் கணினிப் பாகங்கள் விற்கிறவர். பழுதும் பார்ப்பார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேச்சில் அவரை யாரும் முந்த முடியாது. மூடியைக் கழற்றியவர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

மதர்போர்டு, விசிறி, வயர் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூத்த வெள்ளியாக ஒரு தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் மினுங்கியது.

"என்ன தங்கச்சி இது? கொல்லப் பட்டறையிலயா வச்சிருந்தீக?"

மாரிக்கண்ணன்தான் பதில் சொன்னான். "அலுமினியத் தூளு பாய். நாங்க கலக்குறது."

விஷயம் இப்படி நடந்திருந்தது. மருந்து அறையில் வேலை பார்க்கிறவனுக்குச் சூடு என்றால் பயம். எங்கே சூடு கூடினாலும் கதவைத் திறந்து காற்றை விடு என்று கை தானாகப் போகும். கணினி சுடுகிறது என்று கண்ட அன்றே மாரிக்கண்ணன் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவைத்தான். மேஜை விசிறியை அதற்கு நேராகத் திருப்பினான். விசிறிக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய வேலைச்சட்டை தொங்கியது. ஒரு வருஷம் தினமும் அக்கறையோடு அந்தச் சட்டையின் தூளைப் பெட்டிக்குள் ஊதிக்கொடுத்திருக்கிறான்.

"கரண்டு பாயுற தூளுண்ணே இது" என்றார் முஹ்சின். "ரெண்டு கம்பிக்கு நடுவுல படிஞ்சா தீர்ந்தது. ஒரு வருசம் தாங்குனதே பெருசு."

மாரிக்கண்ணன் முகம் செத்துப்போயிற்று. இசைவாணி அவனைத் திட்டவில்லை. புதுக் கணினிக்கு எழுதிவைத்திருந்த பாகப்பட்டியலைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

5

(இங்கே பட்டியலை அப்படியே தரலாம் என்று நினைத்தேன். கதையை விட்டுவிட்டு விலை விசாரிக்கப் போய்விடுவீர்கள். எனவே சண்டையை மட்டும் தருகிறேன்.)

புராசசரில் சண்டை இல்லை. நாலு கோர் உள்ளது வேண்டும் என்றாள். சரி என்றார். ராம் நாலு ஜிபி. கிராபிக்ஸ் கார்டுக்கு அவள் எழுதியிருந்த பெயரைப் பார்த்து முஹ்சின் விசிலடித்தார். "இந்த ஜில்லாவுல இத யாரும் கேட்டதில்ல தங்கச்சி. மெட்ராஸ்ல இருந்து வரணும்."

"வரட்டும். காத்திருக்கேன்."

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் அவர் ஜெயித்தார். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற அந்தச் சின்னப் பெட்டியில் கஞ்சத்தனம் பண்ணினால் மற்றதெல்லாம் வீண் என்றார். ஒத்துக்கொண்டாள். அப்போதெல்லாம் கரண்டு நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். அதனால் யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்தார்கள்.

முட்டிக்கொண்டது கேபினட்டில், அதாவது வெளிக்கூட்டில். அவள் கேட்டது கண்ணாடிக் கதவு வைத்து, ஐந்து நீல விசிறி சுற்றுகிற கேபினட். முஹ்சின் தலையை ஆட்டினார்.

"இந்தக் கார்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். காத்து வேணும். ஆனா உங்க வீட்டுக் காத்துல தூளு இருக்கு. அஞ்சு விசிறின்னா அஞ்சு வாய், அம்புட்டும் உறிஞ்சும். ரெண்டு விசிறி போதும், முன்னால சன்னமான வல போட்டுத் தாரேன். வாரம் ஒருக்கா களுவிப் போடுங்க. இன்னொண்ணு, வேலச்சட்டையோட யாரும் அந்த ரூமுக்குள்ள வரப்படாது."

"எங்களுக்கு இருக்கிறதே ஒரு ரூமுதான் பாய்."

மாரிக்கண்ணன் உடனே சொன்னான். "அதுக்கென்ன. கம்பெனி தொறந்ததும் நான் வாசல்ல கட்டிலப் போட்டுக்கிறேன். சாப்பாட்ட வெளிய குடுத்துரு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னான். இசைவாணி அவனைப் பார்த்த பார்வையில் முஹ்சின் எழுந்து உள்ளே வலை எடுக்கப் போய்விட்டார்.*

* இந்தப் பார்வையை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் தேவையில்லை.

6

பாகங்கள் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. பூட்டுகிற வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முஹ்சின் திருப்புளியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ராமைப் பிரிக்கும்முன், "உடம்புல கரண்டு தங்கியிருக்கும்ணே, முதல்ல கேபினட் இரும்பத் தொட்டுட்டு" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தவர், நிமிர்ந்து பார்த்து நிறுத்திக்கொண்டார். மாரிக்கண்ணன் ஏற்கனவே பருத்தி வேட்டிக்கு மாறி, தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, உள்ளங்கையை இரும்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். தொடாமல் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

"உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல" என்றார் முஹ்சின்.

அவனே பூட்டினான்.  லீவில் நகக்கண்ணில் இருந்த வெள்ளியெல்லாம் போய், கை அவனுக்கே புதிதாக இருந்தது. பெட்டி எழுந்தது. விளையாட்டை ஓட்டினாள். முதல் குண்டு வெடித்தபோது திரையில் வெள்ளை வந்தது, கண்ணைப் பறிக்கிற வெள்ளை. புகை மேலே எழுந்தது. மாரிக்கண்ணன் ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றுவிட்டான். எனக்கே சந்தோஷமாக இருந்தது. கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

முடித்திருக்கலாம். ஆனால் இசைவாணி வலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முன்பக்கம் மாட்டுவதற்காக முஹ்சின் வெட்டிக்கொடுத்த சன்னமான வலை. மாட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பயம் வந்தது அவளுக்கு. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே கொஞ்சம் வந்திருந்தது, இப்போது முழுசாக வந்தது.

7

கம்பெனி திறக்கும் நாள் வந்தது. இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மாரிக்கண்ணன் வேலைக்குப் போகிறான், கிணற்றடியில் குளித்துவிட்டு வீட்டுக்குள் வருகிறான், எல்லாம் நலம். இதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அதனாலேயே கிழித்தேன்.

இரண்டு: முஹ்சின் அவனைக் கடைக்கு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். கைதட்டு கிடைக்கும். ஆனால் முஹ்சின் கடையில் முஹ்சினுக்கே வேலை போதாது. அதுவும் எனக்குத் தெரியும்.

மூன்று: இசைவாணி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு — இல்லை. கொடுக்க மாட்டாள். ஆசைப்பட்டதற்குப் பெண்ணைத் தண்டிக்கிற கதையை நான் எழுத மாட்டேன்.

8

எனவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை ஏழு மணி. மாரிக்கண்ணன் தூக்குச்சட்டியை எடுத்தான். வேலைச்சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஆனால் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சட்டையக் குடு புள்ள. நேரமாச்சு."

"அந்தப் பெட்டி ஒரு வருசம் உறிஞ்சிச்சு, செத்துப்போச்சு. நீங்க பதினோரு வருசமா உள்ள இளுத்துக்கிட்டு இருக்கீக."

"மூக்குல துண்டக் கட்டிக்கிட்டுத்தான வேல பாக்கேன்."

"துண்டுக்கு உள்பக்கமும் வெள்ளியா இருக்கும். நாந்தான தொவைக்கேன்."

அவன் சிரித்துப் பார்த்தான். "மனுசன் மிசினு இல்ல வாணி."

"அதத்தான் நானும் சொல்றேன். மிசினுன்னா வேற வாங்கிக்கிடலாம்."

  இந்த வாக்கியத்தை அவள் சொல்வாள் என்று நான் திட்டமிடவில்லை. இதற்கு மாரிக்கண்ணன் சொல்லக்கூடிய பதிலை ஒரு மாதமாகத் தேடுகிறேன். வேறு வேலை என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவள் சம்பளம் இரண்டு பேருக்குக் காணுமா என்று கேட்கலாம். எல்லாம் நியாயமான கேள்விகள். எதுவும் அவள் சொன்னதற்குப் பதில் ஆகவில்லை.

கம்பெனி வேன் தெருமுக்கில் வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் சங்கிலிமுத்து மூன்று தடவை ஹாரன் அடிப்பார், நாலாவது அடிக்க மாட்டார், கிளம்பிவிடுவார். இரண்டு அடித்தாயிற்று.

மாரிக்கண்ணன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். சட்டை அவள் மடியில் இருக்கிறது. அதைப் பிடுங்க அவனால் முடியும், ஆனால் பிடுங்குகிற ஆள் இல்லை. கொடுக்காமல் இருக்க அவளால் முடியும், ஆனால் அடுத்த மாதம் அடுப்பெரிய வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் உரிமை இல்லை. நான் பேனாவை மூடிவிட்டேன்.

இத்தனை வருஷமாகத் தீபாவளிக்கு மத்தாப்பு வாங்குகிறவர் நீங்கள்தான். அந்தச் சட்டையை அவள் கொடுக்கட்டுமா, வேண்டாமா? மூன்றாவது ஹாரனுக்குள் சொல்லுங்கள்.